யானைப் பாறையில் எனக்கு யானை கிடைக்கவில்லை: அறுகம்பைப் படம் பற்றி உதவி வேண்டும்

கடல்நுரை – வெள்ளி, இரவு 8.10

எல்லோருக்கும் வணக்கம். கல்முனையில் இருந்து எழுதுகிறேன். இந்த வருடம் மட்டும் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம்பை யானைப் பாறைக்கு மூன்று தடவை போய் வந்துவிட்டேன். எலிபன்ட் ரொக் என்று சொன்னால்தான் இப்போது எல்லோருக்கும் விளங்குகிறது. எங்கள் வீட்டில் அது எப்போதும் யானைப் பாறைதான்.

மூன்று தடவையும் ஒரே படம்தான் கிடைத்தது. ஏறி உச்சியில் நிற்கிறேன், மேற்கே களப்பு, பற்றைக்காடு, அதற்குள் சூரியன் இறங்குகிறது. பார்க்க அழகுதான். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தில் பாறையே இல்லை. கீழே நின்று எடுத்தவற்றில் பாறை கரிக்கட்டி மாதிரி ஒரே கறுப்பு, வானம் ஒரே வெள்ளை, நடுவில் ஒரு கூட்டம் ஆட்கள்.

கமரா கெனொன் 200டி. அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு பழைய ட்ரைபொட். வேறு எதுவும் வாங்க இப்போது வசதியில்லை.

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், அப்பா இளமையில் பொத்துவில் பக்கம் கரைவலைத் தொழிலுக்குப் போய் வந்தவர். சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு, "அந்தா பார், யானை படுத்திருக்கு" என்று காட்டினார். இப்போது அவரால் எழுந்து நடக்க முடியாது. அவருடைய அறையில் மாட்ட ஒரு படம் வேண்டும். பார்த்ததும் அவர் யானை என்று சொல்ல வேண்டும். எங்கே நிற்பது, எப்போது போவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொத்துவிலான் – வெள்ளி, இரவு 8.32

தங்கச்சி, மூன்று தடவையும் பின்னேரம்தானே போயிருக்கிறீர்கள்? சீசன் காலத்தில் நாலு மணிக்குப் பிறகு அங்கே நிற்க இடமில்லை. விடியப் போங்கள். சுபஹ் தொழுதுவிட்டு நான் அந்தப் பக்கம் போகிற நாட்களில் கரையில் இருப்பது நண்டும் நாயும் இரண்டொரு அலைச்சறுக்குக்காரரும்தான்.

வாவிக்கரை – வெள்ளி, இரவு 9.20

மகள், உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. பாறையின் மேல் ஏறி நின்று பாறையைப் படம் எடுக்க முடியாது. அங்கே போகிற நூறு பேரில் தொண்ணூறு பேர் நேரே ஏறிவிடுகிறார்கள். இறங்கும்போது இருட்டிவிடுகிறது. அதனால்தான் இணையத்தில் எங்கே பார்த்தாலும் களப்பும் சூரியனும்.

நான் மட்டக்களப்பில் இருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்து, முதல் இரண்டு வருடம் அதே உச்சியில்தான் நின்றேன். அப்புறம் ஒருநாள் ட்ரைபொட் தட்டை மறந்துவிட்டு வந்ததால் ஏறாமல் கரையிலேயே நடந்துகொண்டிருந்தேன். கரை நீளத்துக்குத் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் முதுகு தெரிந்தது. யானை தூரத்தில்தான் இருக்கிறது. கிட்டப் போகப் போக அது கலைந்து வெறும் கல்லாகிவிடும். உங்கள் அப்பா தோளில் வைத்துக் காட்டியதும் தள்ளி நின்றுதான் இருக்க வேண்டும். பாறைக்கு அடியில் நின்றுகொண்டு யாரும் "அந்தா பார்" என்று சொல்லமாட்டார்கள்.

இனி லென்ஸ். 18இல் வைத்துக்கொண்டு பாறைக்குக் கிட்ட நின்றால் முன்னாலிருக்கும் சின்னக் கல் பெரிதாகும், பின்னாலிருக்கும் பெரிய முதுகு சிறுத்துப் போகும். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: 55இல் வைத்துவிட்டு, வடக்குப் பக்க மணலில் அறுகம்பையை நோக்கிப் பின்னால் நடந்துகொண்டே இருங்கள். கண்ணுக்கு அந்த முதுகு ஒரே கோடாக, ஒரே வளைவாகச் சேரும் இடம் ஒன்று வரும். அங்கே நில்லுங்கள். படத்தில் பாறை சின்னதாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். உங்கள் கமராவில் 24 மெகாபிக்சல் இருக்கிறது. பாதியை வெட்டி எறிந்தாலும் 12 மிஞ்சும். 12க்கு 18 அங்குலத்தில் அச்சடிக்க அது தாராளம்.

ஒளிக்கு மாதம் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் சூரியன் நேர்கிழக்கில் எழாது, வடக்கே 23 பாகை வரை ஒதுங்கி எழும். வடக்கே நின்று தெற்கே பார்க்கிற உங்களுக்கு அப்போது வெயில் இடது தோளுக்குப் பின்னால் இருந்து வந்து பாறையின் முகத்தில் விழும். மார்கழி, தையில் அதே அளவு தெற்கே ஒதுங்கிவிடும். அப்போது சூரியன் கிட்டத்தட்ட பாறையின் பக்கமாகவே எழும், பாறை நிழலுருவாகத்தான் வரும். அதுவும் ஒரு படம்தான், ஆனால் உங்களுக்கு வேண்டிய படம் இல்லை. உங்களுக்கு இப்போதுதான் சரியான காலம். விட்டுவிடாதீர்கள்.

கடல்நுரை – வெள்ளி, இரவு 9.48

ஐயா, மிக்க நன்றி. தோளில் வைத்துக் காட்டியது பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஓம், வாடியடியில் இருந்துதான் காட்டினேன்" என்றார். கரைவலைக்காரர் கரையில் தங்குகிற கொட்டிலைத்தான் வாடி என்பார். எனக்கு அது நினைவே இல்லை.

பாறை கறுப்பாகவும் வானம் வெள்ளையாகவும் போவதற்கு என்ன செய்வது?

ஒளிவாசல் – வெள்ளி, இரவு 10.15

அக்கா, அது கமராவின் பிழை இல்லை. பாறை கருமை, வானம் மிக வெளிச்சம், இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க சென்சருக்கு இயலாது. மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, வித்தியாசம் குறைந்த நேரத்தில் போவது. சூரியன் எழுவதற்கு முன் 20 நிமிடம், எழுந்த பின் 20 நிமிடம். ஆடியில் அங்கே சூரியன் 6 மணிக்குச் சில நிமிடம் முன்பே வந்துவிடும்.

இரண்டு, ரோ வடிவில், அதாவது கமரா சுருக்காமல் வைக்கிற மூலக் கோப்பாக எடுப்பது. ஜேபெக்கில் கறுத்துப் போன இடத்தைத் திரும்ப எடுக்க முடியாது, ரோவில் நிறைய மீட்கலாம். வானம் வெளுக்காத அளவுக்குக் கொஞ்சம் இருட்டாகவே எடுத்துவிட்டு, பாறையை வீட்டில் வந்து வெளிச்சமாக்குங்கள். திரையைப் பார்த்து முடிவு செய்யாமல் ஹிஸ்டோகிராமை, அதாவது வெளிச்ச அளவை மலை மாதிரிக் காட்டுகிற வரைபடத்தைப் பாருங்கள். மலை வலப்பக்கச் சுவரில் முட்டாமல் இருந்தால் வானம் பத்திரம்.

மூன்று, ட்ரைபொட்டில் வைத்து மூன்று வெளிச்ச அளவில் மூன்று படம் எடுத்துப் பிறகு சேர்ப்பது. உங்கள் கமராவிலேயே ஏஇபி என்று ஒரு வசதி இருக்கிறது. ஆனால் அலை ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருக்கும், சேர்க்கும்போது நுரை இரட்டையாகத் தெரியும். அலையை ஒரு படத்தில் இருந்து மட்டும் எடுங்கள்.

ஒரு கை போன் – வெள்ளி, இரவு 11.02

என்னிடம் கமரா இல்லை, போன்தான். நான் கேட்கலாமா?

வாவிக்கரை – வெள்ளி, இரவு 11.10

தாராளமாகக் கேளுங்கள் தம்பி. போனிலும் விஷயம் அதேதான். விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டாம். 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் என்று தனி லென்ஸ் இருந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் 1எக்ஸில் எடுத்துப் பிறகு வெட்டுங்கள். பாறையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். ஐபோன் என்றால் லைவ் போட்டோவாக எடுத்து, பிறகு அதை லோங் எக்ஸ்போஷராக மாற்றலாம், அலை பால் போல வரும். கை ஆடக்கூடாது. செருப்பை மணலில் குத்தி நிறுத்தி அதில் போனைச் சாய்த்து எடுத்திருக்கிறேன்.

பொத்துவிலான் – சனி, காலை 6.25

இப்போதுதான் கடற்கரையில் இருந்து வருகிறேன். படம் எடுப்பது எனக்குத் தெரியாது, இடம் தெரியும். அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

விடியப் போகச் சொன்னேன். இருட்டில் போகச் சொல்லவில்லை. பாறைக்குப் பின்னால் களப்பில் முதலை இருக்கிறது. பாணமைப் பாதையிலும் அந்தப் பற்றைக்காட்டிலும் யானை நடமாட்டம் இருக்கிறது, உண்மையான யானை. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் உள்ளே தண்ணீர் வற்றினால் களப்புப் பக்கம் இறங்கும். இரவிலும் விடியற்காலையிலும் பற்றைக்குள்ளால் நடந்து போகவே கூடாது. 5.20, 5.25 அளவில் முகம் தெரிகிற வெளிச்சம் வந்துவிடும். அதற்கு முன் ஓட்டோவை விட்டு இறங்க வேண்டாம். தனியாகவும் வேண்டாம். உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்கள். எந்த இடத்தில் இரவு யானை நின்றது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம் காற்று. இப்போது கச்சான் அடிக்கிறது. தரையில் இருந்து கடலுக்கு வீசுகிற காற்று, அலையைத் தடவிச் சீராக்கிவிடும், ஆனால் பத்து மணிக்குப் பிறகு மணலைக் கிளப்பும். கமராவுக்கு அது விஷம். விடியலில் காற்று படுத்திருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில், அதாவது கார்த்திகை மார்கழியில், கடலில் இருந்து உப்புத் தூறல் முகத்திலேயே வந்து விழும். கடலும் கலங்கல். களப்பு நிரம்பி நடக்கிற பாதையும் மாறிவிடும்.

நீலாவணைத் தம்பி – சனி, காலை 9.40

நானா சொன்னது சரி. நான் பாறைப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் என் கமரா அங்கேதான் போனது.

அலை மோதுகிற பக்கத்தில் கீழ்க் கல்லில் நின்றேன். கால் மணி நேரமாக ஒரு அலைகூட அந்தக் கல்லுக்கு வரவில்லை. கல் காய்ந்திருக்கிறது என்று நினைத்தேன். உண்மையில் அது காய்ந்த கல் இல்லை, கறுப்பாகப் பாசி பிடித்த கல். ட்ரைபொட்டைக் குனிந்து சரிசெய்தபோது பின்னால் இரண்டு பெரிய அலை அடுத்தடுத்து வந்தது. முதல் அலை முழங்காலுக்கு, இரண்டாவது இடுப்புக்கு. நான் சறுக்கி இரண்டு கல்லுக்கு நடுவே விழுந்தேன். முழங்கை கிழிந்தது, அது ஆறிவிட்டது. கமரா உப்புத் தண்ணீரில் அரை நிமிடம் கிடந்தது. திருத்தக் கொடுத்த கடையில் இரண்டு மாதம் வைத்திருந்து, திறந்தே பார்க்காமல் திருப்பித் தந்தார்கள். அதற்குள் உள்ளே எல்லாம் பச்சை பூத்துவிட்டது. அந்தக் கமராவுக்கு ஒன்றரை வருடம் சேர்த்தேன். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

பொத்துவிலான் – சனி, காலை 9.58

தம்பி உயிரோடு வந்ததே பெரிய காரியம். அந்த அலை இங்கே உருவானது இல்லை. சித்திரை முதல் ஐப்பசி வரை தெற்கே தூரக் கடலில் அடிக்கிற புயலின் அலை இங்கே வந்து சேரும். அதனால்தான் உலகமெல்லாம் இருந்து அலைச்சறுக்க வருகிறார்கள். அது தொகுதி தொகுதியாக வரும். இடையில் நீண்ட நேரம் ஒன்றும் வராது, மறுகா ஒரேயடியாக ஐந்தாறு வரும். எங்கள் ஆட்கள் வள்ளம் இறக்குமுன் எண்ணிப் பார்ப்பது அதற்காகத்தான். நிற்கப் போகிற கல்லைக் குறைந்தது 20 நிமிடம் தள்ளியிருந்து பாருங்கள். நனைந்த கல்லில் ஏறவே வேண்டாம். கடலுக்கு முதுகு காட்டவே வேண்டாம்.

வாவிக்கரை – சனி, முற்பகல் 11.30

இதோடு உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரையில் அரை மணி நேரம் நின்றால் போதும், லென்ஸின் முன்கண்ணாடியில் மெல்லிய பனிப்படலம் போல ஒன்று படியும். கண்ணுக்குத் தெரியாது. சூரியன் பட்டதும் படம் முழுக்கப் புகை பிடித்த மாதிரி ஆகும். உடனே துணியால் துடைக்காதீர்கள். அது பனி இல்லை, உப்புப் பொடி, கண்ணாடியின் பூச்சைக் கீறிவிடும். ஒரு சின்னப் போத்தலில் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். துணியின் மூலையை நனைத்து முதலில் ஒற்றி எடுத்து, பிறகு காய்ந்த மூலையால் துடையுங்கள்.

ட்ரைபொட்டின் கடைசி மெல்லிய துண்டை முதலில் இழுத்து விடுங்கள். பூட்டுகள் மணலுக்கும் தண்ணீருக்கும் மேலே நிற்கும். ஈர மணலில் காலை நன்றாக அழுத்தி இறக்குங்கள். ஒவ்வொரு அலை திரும்பும்போதும் கால் அடியில் மணல் அரித்துப் போகும், இரண்டு செக்கன் படத்திலேயே கமரா ஒரு மயிரிழை சாய்வது தெரியும். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபொட்டைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவுங்கள்.

அலையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எல்லோரும் அலை மோதும்போது அழுத்துகிறார்கள். திரும்பும்போது அழுத்திப் பாருங்கள். மோதிய தண்ணீர் மணலில் வழிந்து கடலுக்குத் திரும்பும்போது நுரை வெள்ளைக் கோடு கோடாக நீளும். அரைச் செக்கனில் இருந்து ஒரு செக்கன் வரை வைத்தால் அந்தக் கோடுகள் அப்படியே விழும். 30 செக்கன் வைத்தால் கடல் மேகமாகிவிடும், அலையின் உரு போய்விடும். எனக்கு அது பிடிப்பதில்லை. விடியலுக்கு முன் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 வைத்தால் ஃபில்டர் இல்லாமலே அரைச் செக்கன் கிடைக்கும். வெயில் வந்த பிறகுதான் என்டி ஃபில்டர், அதாவது ஒளியைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி தேவை. என்டி 64 போட்டால் பதினைந்தில் ஒரு பங்குச் செக்கன் 4 செக்கனாகும்.

நிழல்தேடி – சனி, பிற்பகல் 2.15

ஆட்கள் கூட்டத்துக்கு ஒரு வழி. என்டி 1000 போட்டு 30 செக்கன், 1 நிமிடம் எடுத்தால் நடக்கிறவர்கள் மறைந்துவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் ஆவி மாதிரித் தெரிவார்கள். ஃபில்டர் இல்லையென்றால் ட்ரைபொட்டில் வைத்து 15, 20 படம் இடைவிட்டு எடுத்துக் கணினியில் சேர்த்தாலும் ஆட்கள் போய்விடுவார்கள். அழகான இடத்தை ஆட்கள் இல்லாமல் காட்டுவதுதான் நல்லது என்பது என் கருத்து.

திருக்கோவில் அக்கா – சனி, பிற்பகல் 3.05

தம்பி, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆள் இல்லாவிட்டால் அந்தப் பாறை எவ்வளவு பெரியது என்று எப்படித் தெரியும்? என்னிடம் இருக்கிற நல்ல படம் ஒன்றில், பாறையின் தோளில் ஒரு சின்னப் பெண் சிவப்புச் சட்டையோடு நிற்கிறாள். அவள் விரல் நகமளவு. அதைப் பார்த்த பிறகுதான் பாறை பாறையாகத் தெரிகிறது.

இன்னொன்று. 2004ஆம் ஆண்டு சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான். அதற்குப் பிறகு பல வருடம் எங்கள் பிள்ளைகள் கடலைத் திரும்பிப் பார்க்கவே பயந்தார்கள். இன்றைக்கு ஒரு குடும்பம் சோற்றுப் பார்சலோடு போய் அந்தக் கரையில் இருந்து சிரிக்கிறது என்றால் அதை நான் அழிக்கமாட்டேன். எனக்கு அதுதான் படம்.

நிழல்தேடி – சனி, பிற்பகல் 3.40

அக்கா, இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 40 பேர் செல்ஃபி எடுக்கும்போது?

திருக்கோவில் அக்கா – சனி, பிற்பகல் 3.52

அப்போது காத்திருங்கள். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் நிற்கமாட்டார்கள். ஒருவர் தனியாக நிற்கும் அரை நிமிடம் கட்டாயம் வரும். முகம் தெரிகிற அளவுக்குக் கிட்ட எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள். குளிக்கிற பெண்களை எடுக்கவே வேண்டாம். இதைச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தம், ஆனால் அங்கே நடக்கிறது.

சிறகு – சனி, மாலை 5.30

ட்ரோன் பறக்கவிட்டால் யானை உரு தெரியுமா?

ஒளிவாசல் – சனி, மாலை 5.55

நேர் மேலே இருந்து பார்த்தால் தெரியாது, எந்தக் குன்றும் மேலே இருந்து தட்டையாகிவிடும். தாழப் பறந்தால் கரையில் நின்று பார்க்கிற அதே உருதான். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் இல்லாமல் பறக்கவிட வேண்டாம். அங்கிருந்து தெற்கே குமண தேசியப் பூங்காவுக்குப் போனால் ட்ரோனைப் பையை விட்டே எடுக்காதீர்கள். பறவைகள் கூடு கட்டுகிற வில்லுகள், அதாவது ஆழமில்லாத ஏரிகள், அங்கே இருக்கின்றன.

கல்லும் மண்ணும் – சனி, இரவு 7.45

அக்கரைப்பற்றில் புவியியல் படிப்பிக்கிறேன். பாறையைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் வரை எங்கள் கரை பெரும்பாலும் மணல். அதனால்தான் பாறை கண்டதும் எங்களுக்கு ஓடிப் போய் ஏறத் தோன்றுகிறது. இலங்கையின் கிழக்குப் பக்கத்தில் பெரும்பகுதி விஜயன் தொகுதி என்ற மிகப் பழைய பாறைப் படை. வயது சுமார் 100 கோடி ஆண்டு. பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய நைஸ் பாறை அது. மேலே இருந்த சுமை அரித்துப் போன பிறகு அது வெளியே வந்து விரிகிறது, வெங்காயத் தோல் உரிவது போல வட்டம் வட்டமாக உரிகிறது. வெயிலும் மழையும் உப்பும் முதலில் விளிம்புகளைத்தான் தின்னும். மூலை போய் உருண்டை மிஞ்சும். யானையின் முதுகு உருண்டது அப்படித்தான். லகுகல, குடும்பிமலைப் பக்கங்களில் காட்டுக்குள் நிற்கிற மொட்டைப் பாறைகளும் இதே குடும்பம். இது கடலோரம் வந்துவிட்டது.

படம் எடுப்பவர்களுக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. நைஸ் பாறையில் வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வரியாக ஓடும். வெள்ளை குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும், கறுப்பு பயோடைட்டும் ஹோர்ன்பிளென்டும். நேர் வெயிலில் அந்த வரி தெரியாது. சரிந்து வருகிற ஒளியில், அதுவும் கல் ஈரமாக இருக்கும்போது, யானைத் தோலின் சுருக்கம் போலவே தெரியும். என் மாணவர்களைக் கூட்டிப்போனபோது ஒரு பையன் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு "சேர், தோல்" என்றான். பாறையில் பெயர் எழுதுகிறவர்கள் அந்தத் தோலைத்தான் கெடுக்கிறார்கள். பெயின்ட் பூசினால் அது நம் ஆயுளில் போகாது.

இரவுக்கண் – சனி, இரவு 9.30

நிலவையும் கணக்கில் எடுங்கள். போயா தினத்தில் முழுநிலா சூரியன் மறைகிற நேரத்துக்குக் கிட்டக் கடலில் எழும். ஆனால் அன்றைக்கு விடுமுறை, கூட்டம் தாங்காது. அதற்கு முதல் நாள் போங்கள். அன்றைக்கு நிலா முக்கால் மணி நேரமளவில் முந்தி எழுந்துவிடும். மேற்கே வெயில் இன்னும் இருக்கும், பாறையில் பொன் நிறம் இருக்கும், அதே நேரம் கிழக்கே நிலாவும் இருக்கும். நிலா வெளிச்சத்திலேயே எடுக்கப் பார்த்தால் ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 20 செக்கன் என்று தொடங்குங்கள்.

பால்வீதி வேண்டுமென்றால் அமாவாசை இரவு. சித்திரையில் இருந்து புரட்டாதி வரை அதன் தடித்த பகுதி தெற்குப் பக்க வானில் கிடைக்கும். ஆனால் இரவில் டோர்ச்சை அங்கும் இங்கும் அடிக்காதீர்கள். ஆமை கரையேறுகிற கடற்கரை இது. வெள்ளை வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். சிவப்பு வெளிச்சம், அதுவும் தரையைப் பார்த்து. நானா சொன்ன யானைக் கதை இரவில் இரண்டு மடங்கு. குழுவாக மட்டுமே போங்கள்.

ஒரு கை போன் – ஞாயிறு, காலை 8.10

உகந்தைக் கரையும் பாறைதானே, அங்கேயும் இதே முறையா?

வாவிக்கரை – ஞாயிறு, காலை 8.50

ஒளி, அலை எல்லாம் அதேதான் தம்பி. ஆனால் உகந்தை கோயில். முருகன் கல்லோடத்தில் வந்திறங்கிய கரை என்று நம்புகிறவர்கள் நாங்கள். அந்தக் கல்லோடத்தைக் கும்பிட்டுவிட்டுப் படம் எடுங்கள், செருப்புக் காலோடு ஏறி நின்று எடுக்காதீர்கள். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் காட்டுக்குள் இறங்கும் நாட்களில் போனால் கமராவைக் கொஞ்ச நேரம் பையில் வைத்துவிட்டு அவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள். பிறகு அவர்களே கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். அப்படி எடுத்த படங்கள்தான் என்னிடம் இன்றும் பெறுமதியானவை.

நிழல்தேடி – ஞாயிறு, காலை 10.20

ஒரு கேள்வி. வானம் வெறுமையாக இருந்தால் வேறு நாள் எடுத்த மேகத்தை வைப்பது சரியா? இப்போது போனிலேயே ஒரு தட்டில் செய்யலாம்.

ஒளிவாசல் – ஞாயிறு, காலை 10.45

என் வரையில் இல்லை. ரோவில் இருந்து வெளிச்சம் மீட்பது அங்கே இருந்ததைக் காட்டுவது. வேறு வானத்தை ஒட்டுவது அங்கே இல்லாததைச் சொல்வது. கிழக்கே எழுகிற வெயில் பாறையில் விழ, வானத்தில் மேகம் மேற்கே இருந்து சிவந்திருக்கிற படங்களைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கரையில் பிறந்தவனுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

கடல்நுரை – புதன், இரவு 8.05

எல்லோருக்கும் சொல்ல வேண்டும். நேற்று விடியப் போய் வந்தேன்.

தம்பியையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே பொத்துவிலில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினேன். ஓட்டோக்காரர் 5 மணிக்கு வந்தார். பாதை முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு இறங்க விடவில்லை. விளக்கை அணைத்துக்கொண்டு பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் "சரி, இறங்குங்கள்" என்றார். மணலில் காலடி கிடந்தது, சோற்றுத் தட்டளவு, ஓரம் இன்னும் உடையாமல். இரவு போயிருக்கிறது என்றார்.

பாறைப் பக்கம் போகாமல் வடக்கே நடந்தோம். ஐயா சொன்ன மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. முதலில் இரண்டு மூன்று கல்லாகத் தெரிந்தது. 300 அடி, 400 அடி என்று எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். ஓரிடத்தில் தம்பி நின்று "அக்கா" என்றான், அவ்வளவுதான். எல்லாக் கல்லும் ஒன்றுக்குள் ஒன்று போய் ஒரே முதுகாகியிருந்தது. அவனுக்கு யாரும் முன்னே காட்டியதில்லை.

ட்ரைபொட்டை முழங்கால் உயரத்தில் வைத்து ஈர மணலில் அழுத்தினேன். அலை திரும்பும்போது மணல் கண்ணாடி மாதிரி மினுங்கியது, அதில் பாறை தலைகீழாக விழுந்தது. ஒரு செக்கனுக்கும் குறைவாகத்தான் அப்படி நிற்கிறது, பிறகு மணல் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. 60 படத்துக்கு மேல் எடுத்தேன். சூரியன் வந்து நாலைந்து நிமிடத்தில் எடுத்த ஒன்றுதான் சரியாக வந்திருக்கிறது. 55 மி.மீ., எஃப் 11, அரைச் செக்கன், ஐஎஸ்ஓ 100. சேர் சொன்ன தோல் வரிகள் தோள் பக்கத்தில் தெரிகின்றன. நீர்க் கரையோரம் ஒருவர் பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறார். அழிக்கவில்லை, திருக்கோவில் அக்கா.

பொத்துவிலான் – புதன், இரவு 8.20

அல்ஹம்துலில்லாஹ். காலடியின் ஓரம் உடையாமல் இருந்தது என்றால் ஒரு மணி நேரத்துக்குள் போயிருக்கும். அந்த ஓட்டோக்காரருக்கு என் ஸலாம் சொல்லுங்கள்.

வாவிக்கரை – புதன், இரவு 8.41

மகள், படத்தை இங்கே போடுங்கள். அச்சடிக்கும்போது பளபளக்கும் தாளில் வேண்டாம், மெட் தாளில் போடச் சொல்லுங்கள். படுத்திருப்பவருக்கு ஜன்னல் வெளிச்சம் பளபளப்பில் பட்டுத் தெறிக்கும், படம் தெரியாது. பாறையின் நிழல் பகுதியைத் திரையில் பார்ப்பதைவிடக் கொஞ்சம் கூட வெளிச்சமாக்கிக் கொடுங்கள். அச்சில் எப்போதும் கறுத்துத்தான் வரும்.

கடல்நுரை – அடுத்த திங்கள், இரவு 7.30

12க்கு 18, மெட் தாள். இன்று பின்னேரம் கிடைத்தது. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், அப்பாவின் கை எட்டுகிற இடத்தில் ஆணி அடித்து மாட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மனம் விழுந்துவிட்டது. பிறகு கையைக் காட்டி, "கிட்ட வேண்டாம் பிள்ளை, அந்தக் கதவுப் பக்கச் சுவரில் மாட்டு" என்றார்.

கழற்றி அங்கே மாட்டினோம். தம்பியிடம் விளக்கைப் போடச் சொன்னார். தலையணையை உயர்த்தச் சொன்னார். இப்போது அதைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தெரியாத ஆட்களின் பெயரெல்லாம் சொல்லிக் கதைத்துக்கொண்டிருக்கிறார், அந்த நாள் வாடியில் இருந்தவர்கள். நான் பக்கத்தில் இருந்து எழுதிக்கொண்டு வருகிறேன்.